போர்ட்டிக்சனை விட்டால் நமக்குக் கடலே இல்லையா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் ஒரே பாட்டுதான். "இந்த வாட்டி எங்க?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த நிமிடமே "போர்ட்டிக்சன்" என்று பதில் வந்து விழும். நீச்சல்குளம் வைத்த வீடு, பெரிய சட்டி நிறைய ஆட்டிறைச்சிப் பிரட்டல், நள்ளிரவு வரைக்கும் கரோக்கே. கடல் எதிரிலேயே கிடக்கும். அதை ஏறெடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் சண்டை வரும்.

"பக்கத்துல ஜெராம், கோல சிலாங்கூர் இருக்கே, அங்க போவோமே" என்று சிலாங்கூர் கரையோர ஊர்களை நான் சொன்னால் தம்பி மனைவியிடமிருந்து உடனே பதில் வரும்: "அங்க என்ன மாமா இருக்கு? வெறும் சேறு!"

சேறுதான்மா. அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

மலாக்கா நீரிணை குறுகலான கடல். எதிரே சுமத்ரா மறித்துக்கொண்டு நிற்பதால் பெரிய அலை இந்தப் பக்கம் வருவதில்லை. லங்காட், கிள்ளான், சிலாங்கூர், பெர்ணம் என்று ஆறுகள் சுமந்து வரும் வண்டலை வாரிக்கொண்டு போக ஆளில்லாமல் அது கரையோரத்திலேயே படிந்துவிடுகிறது. மோரிப் கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, பிரிட்டிஷாரின் கீழிருந்த 25ஆவது இந்திய டிவிஷன் அங்கே கரையிறங்கியது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்து நின்றன. எதிரில் சுட ஆள் இருந்திருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பெயர்போன சேறு இது.

அந்தச் சேறு இல்லையென்றால் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு இல்லை. கெராங் சிப்பி இல்லை, நண்டு இல்லை, மின்மினி இல்லை. வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும்தான் வேண்டுமென்றால் ரெடாங் தீவுக்குப் போங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரக் காரோட்டத்தில் இருக்கும் கரைக்கு வந்துவிட்டு "ரெடாங் மாதிரி இல்லையே" என்று முகம் சுளிப்பதுதான் எனக்குப் பிடிக்காது.

இந்தக் கரைக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டியது ஹோட்டல் விலையை அல்ல, சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில்தான் தண்ணீர் நன்றாக ஏறி, நன்றாக வற்றும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்த நாள்களில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சாசாரான் பக்கம் 'ஸ்கை மிரர்' என்று எல்லாரும் படம் போடுகிறார்களே, நடுக்கடலில் இருக்கும் அந்த மணல்திட்டு வெளியே தலைகாட்டுவதும் அப்போதுதான். மின்மினிக்கோ இருட்டு வேண்டும், நிலா உதவாது. ஆக இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டித்தான் போக வேண்டும். அமாவாசையன்றே போனால் நம் வீட்டில் கவிச்சி கிடையாது. பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்தில் ஆற்றங்கரை மேசையில் நண்டு வந்து ஆவி பறக்க, அம்மா மட்டும் வெறும் சோறும் கங்கோங் கீரையும் சாப்பிட்டுக்கொண்டு நம்மைப் பார்ப்பார். அதனால் மறுநாள் போங்கள். தண்ணீர் அப்போதும் நன்றாக வற்றும், இருட்டும் குறையாது, அம்மாவும் நண்டு சாப்பிடுவார்.

ஜெராமில் மீன் வறுவல் சாப்பிடத்தான் எல்லாரும் வருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் காரில் ஏறிவிடுகிறார்கள். தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து வந்து, கரையோரம் சும்மா ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் சேறு முழுக்க அசையத் தொடங்கும். பெலாச்சாக் மீன் முன்செட்டைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து நடக்கும். கண்கள் இரண்டும் தலை உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும். காய்ந்துபோனால் கண்ணை உள்ளே இழுத்து ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி வெளியே விடும். இன்னொன்று பக்கத்தில் வந்துவிட்டால் முதுகுச் செட்டையை விசிறியாக விரித்துச் சண்டைக்கு நிற்கும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். நம் காலடி அதிர்ந்தால் போதும், அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள். கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காத என் மகன் இதைப் பார்த்து "அப்பா, மீன் நடக்குது" என்று கத்தினான். நுழைவுச்சீட்டு எதுவும் கிடையாது.

கோல சிலாங்கூரில் மெலாவாத்தி குன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, பழைய பீரங்கிகள், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் என்று ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கிருக்கும் லோத்தோங் குரங்குகள் சாதுவானவை. குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இலை தின்னும் வயிறு அதற்கு. ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டுப் பழக்காதீர்கள்.

மின்மினிக்குக் கம்போங் குவாந்தான். துடுப்புப் படகில் நாலு பேர் ஏறலாம். ஆற்றோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறக்குறைய மூன்று தரம் மின்னும். மின்மினியின் புழு அந்த மரத்தில் வளர்வதில்லை. கரைக்குப் பின்னால் நிப்பா பனைப் புதரடியில், ஈரமண்ணில், நத்தையைத் தின்று வளர்கிறது. ஆகவே மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, பின்னால் இருக்கும் 'பயனில்லாத' புதரையும் விட்டுவைக்க வேண்டும். அதையும் வெட்டித் தோட்டம் போட்டால் அடுத்த தலைமுறைக்குக் காட்டப் பூச்சி இருக்காது. படகுக்காரர் "பிளாஷ் போடாதீங்க" என்று சொன்ன பிறகும் போடுகிற ஆள் எல்லாப் படகிலும் ஒருவர் இருக்கிறார். நம்மவராக இருந்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் படத்தில் ஒன்றும் விழாது என்பதாவது தெரிய வேண்டாமா?

செகிஞ்சான் நெல்வயல்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, எல்லார் பக்கத்திலும் படம் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை முடிந்த கையோடு போனால் கட்டாந்தரைதான் மிச்சம். போகுமுன் தங்கப்போகும் வீட்டுக்காரரிடம் "பயிர் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம் கேரித்தீவு. பெயர் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயர். காட்டை அழித்து மண்ணைத் திருத்தியதில் நம் ஆட்களின் கை உண்டு. இன்று எங்கு பார்த்தாலும் செம்பனை. நடுவே கோயில், தமிழ்ப்பள்ளி. நம்மில் பலர் அஸ்தி கரைக்கக் கிள்ளான் கரைக்குப் போவோம், ஆனால் தாத்தா பாட்டி வியர்வை சிந்திய கரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட மாட்டோம். லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) என்றால் என்னவென்று கேட்கிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தைக் காட்டுவதைவிடத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கு குடியிருப்பவர்களின் வீட்டு வாசலைப் படம் எடுக்காமல் போனால் இன்னும் நல்லது.

நமக்கு முன்பே அந்தத் தீவில் இருந்தவர்கள் மா மெரி பூர்வகுடியினர். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்கள் மரச்சிற்பம் செதுக்குவதைப் பார்க்கலாம். நீரே பாத்து என்ற சிவந்த, கெட்டியான மரம். அதுவும் பாக்காவ் சேற்றில் வளர்வதுதான், இப்போது லேசில் கிடைப்பதில்லை. முகமூடிக்கு வேறு மரம், லேசான பூலாய். முன்னோர் ஆவிகளின் கதை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். ஒரு சிற்பம் உளிக்கடியில் நாள்கணக்கில் கிடந்து உருவாகிறது. அதைப் பாசார் மாலாம் இரவுச்சந்தையில் டீசட்டை எடுப்பதுபோல "கடைசி விலை சொல்லுங்க" என்று பேரம் பேசாதீர்கள். கட்டுப்படியாகாதென்றால் பெண்கள் ஓலையில் பின்னிய சின்னச் சின்னப் பொருள்கள் இருக்கின்றன. அதை வாங்குங்கள், சொன்ன விலைக்கே வாங்குங்கள்.