வான்கூவர் பாணியில் அகரவரிசை இல்லை

ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள்களை எண்ணால் சுட்டும் வான்கூவர் பாணியில் மேற்கோள் பட்டியலை ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்கி, பிறகு எண் போட வேண்டும் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். மன்னிக்கணும் தம்பி, அது சரியில்லை.

உரையில் எது முதலில் வருகிறதோ அதுதான் 1. எண்ணூர் கழிமுகச் சாம்பல் பற்றிய கட்டுரையின் முதல் வரியிலேயே 'இசட்'டில் தொடங்கும் ஆசிரியரைச் சுட்டினால், பட்டியலின் தலையில் நிற்பது அவர்தான். விவாதப் பகுதியில் அதே ஆய்வு திரும்ப வந்தாலும் அதே 1. அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணையை உரையில் முதலில் குறிப்பிடும் இடத்தை வைத்து எண் கிடைக்கும். இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அகரவரிசை ஏ.பி.ஏ., ஹார்வர்டு பாணிகளுக்கு உரியது.

சரிபார்க்க, 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர் குழுவின் பரிந்துரைகளைப் பாருங்கள், அந்தக் குழுவின் இன்றைய பெயரான ஐ.சி.எம்.ஜே.இ. தளத்தில் இலவசம். நீங்கள் அனுப்பும் இதழின் ஆசிரியர் அறிவுறுத்தலையும் படியுங்கள், சில இதழ்கள் தனி வழக்கம் வைத்திருக்கும்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆய்வேடு முடிக்கும் பிள்ளைகளே, பட்டியலைக் கையால் மாற்றி அடுக்காதீர்கள். சோட்டெரோ (Zotero) என்ற மேற்கோள் மென்பொருளில் வான்கூவரைத் தேர்ந்தெடுத்தால் வரிசை தானாக வந்துவிடும்.