மூக்குக்கண்ணாடிக்கு மூன்று பழம்

(குற்றாலம். சாரல் தூறிக்கொண்டிருக்கிறது. தகரக் கூரை போட்ட பஜ்ஜிக் கடையில் ஆச்சி வாழைக்காய் சீவுகிறார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஈரத் துண்டும் மூச்சிரைப்புமாக வருகிறார்.)

வாத்தியார்: ஆச்சி, ஒரு சீப்பு கற்பூரவள்ளியை அப்படியே பையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது!

ஆச்சி: ஒரு குரங்குதானே? தப்பித்தீர்கள் ஐயா.

வாத்தியார்: இருந்தாலும் பாருங்கள், கடுவன் உரித்து மந்திக்கும் ஒன்று கொடுக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் இதே மலையைப் பார்த்துத்தானே பாடினார்! "வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்..."

ஆச்சி: யார் காசில் வாங்கின கனி என்று பாடினாரா?

வாத்தியார்: அந்த விவரம் குறவஞ்சியில் இல்லை.

(கூரையிலிருந்து ஒரு கை இறங்குகிறது. வாத்தியாரின் கண்ணாடி மேலே போகிறது.)

வாத்தியார்: ஐயையோ! இல்லை, பதறக் கூடாது. தொப்பி வியாபாரி கதையை எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். நாம் செய்வதைத்தான் குரங்கும் செய்யும். துண்டை எறிகிறேன், அது கண்ணாடியை எறியும்.

(எறிகிறார். வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டியோடு ஒரு மந்தி வந்து துண்டை எடுத்துக்கொண்டு போகிறது.)

ஆச்சி: அந்தக் கதையில் வியாபாரி கீழே நின்றான். இங்கே மேலே இருக்கிறார்.

வாத்தியார்: அடடா, அந்தக் குட்டியைக் கவனித்தீர்களா? பூனை தன் குட்டியை வாயில் கவ்வும். குரங்கிலோ குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ளும். பக்தன் குரங்குக்குட்டி மாதிரியா, பூனைக்குட்டி மாதிரியா என்று வைணவத்தில் இரண்டு கட்சியே உண்டு.

ஆச்சி: குட்டி பிடித்துக்கொள்வதால்தானே தாய்க்குக் கை சும்மா இருக்கிறது, உங்கள் துண்டை எடுக்க?

(மேலே குரங்கு கண்ணாடியை நக்கிப் பார்க்கிறது. கணுக்காலில் மாட்டிப் பார்க்கிறது.)

வாத்தியார்: புறநானூறு, 378! ராவணன் தூக்கிப் போகும்போது சீதை நகைகளைக் கழற்றிப் போட்டாள். குரங்குக் கூட்டம் எடுத்து, எது எங்கே என்று தெரியாமல் மாட்டிக்கொண்டது. சோழன் கொடுத்த நகைகளை என் சுற்றத்தாரும் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள் என்கிறார் புலவர். விரலில் போடுவது காதில், காதில் போடுவது விரலில், இடுப்பில் கட்டுவது கழுத்தில்!

ஆச்சி: சொந்தக்காரர்களையா குரங்கு என்றார்?

வாத்தியார்: ஆமாம்.

ஆச்சி: பாடிவிட்டு எந்த வீட்டுக்குப் போனாராம்?

வாத்தியார்: ஆச்சி, கடித்துப் பார்க்கிறது! ஏதாவது செய்யுங்கள்.

ஆச்சி: அது காத்துக்கொண்டிருக்கிறது ஐயா. பழம் ஒன்று 10 ரூபாய்.

(முதல் பழத்தைக் குரங்கு வாங்கிக்கொள்கிறது, கண்ணாடியை விடவில்லை. இரண்டாவதை மோந்து பார்த்துவிட்டு வாத்தியாரைப் பார்க்கிறது. மூன்றாவதுக்குக் கண்ணாடி கீழே விழுகிறது, ஒற்றைக் காலோடு.)

வாத்தியார்: 30 ரூபாய். ஏன் ஆச்சி, இரண்டு பூனைக்கு அப்பம் பங்கு வைக்கத் தராசு பிடித்த குரங்கின் கதை தெரியுமா?

ஆச்சி: தெரியுமே. அங்கே ஒரு கடி, இங்கே ஒரு கடி என்று எல்லாவற்றையும் அதுவே தின்றுவிடும்.

வாத்தியார்: நீங்கள் காசை எண்ணினபோது ஞாபகம் வந்தது.

ஆச்சி: அந்தக் குரங்கு அடுப்பில் நின்று அப்பம் சுடவில்லை ஐயா. நான் காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறேன். இரண்டு பஜ்ஜி வைக்கவா?

வாத்தியார்: முதலில் தண்ணீர் கொடுங்கள். பிரஷர் மாத்திரை போட வேண்டும்.

ஆச்சி: இந்தாருங்கள். மருந்து சாப்பிடும்போது மட்டும் குரங்கை நினைக்காதீர்கள், பலிக்காது.

(வாத்தியார் மாத்திரையை வாயருகே கொண்டுபோகிறார். கூரை தடதடக்கிறது. மாத்திரையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகுகிறார்.)