மிகிசோ ஹானே ஏன் மொழிபெயர்த்தார்?

1911 ஜனவரி 18. ஜப்பானியப் பேரரசரைக் கொல்லச் சதி செய்ததாக டோக்கியோவில் 24 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ஒரே பெண், பத்திரிகையாளர் கன்னோ சுகா. அன்றே சிறையில் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறார். மறுநாள் 12 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள், அவருக்குக் குறைக்கவில்லை. 25ஆம் தேதி தூக்கு. வயது 29.

அந்த நாட்குறிப்பை நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். மொழிபெயர்த்தவர் வரலாற்றாசிரியர் மிகிசோ ஹானே. மூலத்தின் தலைப்பில் ‘மிச்சிகுசா’ என்றொரு சொல் உண்டு. வழியோரப் புல் என்று பொருள். போகிற வழியில் பராக்குப் பார்த்து நிற்பதையும் ஜப்பானியர் அதே சொல்லால்தான் சொல்வார்கள். ஹானே அதை ‘தூக்குமேடைக்குப் போகும் வழியில் எண்ணங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கி, ஜப்பானின் கலகக்காரப் பெண்கள் எழுதியவற்றைத் திரட்டி 1988இல் வெளியிட்ட தன் தொகுப்பு முழுவதற்கும் அதையே பெயராக வைத்தார். அந்தப் புல் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தத் தலைப்புதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது.

ஹானே 1922இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். பதின்ம வயதை ஹிரோஷிமாவில் கழித்துவிட்டு அமெரிக்கா திரும்பினார். போர் வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது அவரும் அடைக்கப்பட்டார். அப்புறம் அதே நாட்டின் ராணுவ வீரர்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்தார்! அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, 1961 முதல் இல்லினாய்ஸில் உள்ள நாக்ஸ் என்ற சிறிய கல்லூரியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார்.

ஷோகன்கள் ஆண்ட தோக்குகாவா காலத்தின் (1603–1868) சிந்தனை மரபு பற்றி ஜப்பானிய அறிஞர் மருயாமா மசாவோ எழுதிய நூலை 1974இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததும் இவர்தான். கடினமான நூல் அது. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் அறிஞர்களுக்கான மொழிபெயர்ப்பாளராக நின்றிருப்பார். ஆனால் 1982இல் அவர் எழுதிய வரலாற்று நூலில் குத்தகை விவசாயிகள், நூற்பாலைப் பெண்கள், சுரங்கத் தொழிலாளர்கள், விற்கப்பட்ட பெண்கள், தீண்டாமைக்கு உள்ளான புராகுமின் மக்கள் ஆகியோர் வருகிறார்கள். ஜப்பான் நவீனமான மெய்ஜி கால (1868–1912) வளர்ச்சியைப் புகழ்ந்த நூல்கள் எத்தனையோ. அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்டவர் ஹானே.

கல்வித்துறையில் மொழிபெயர்ப்பை ஆய்வுக்கு ஒரு படி கீழே வைக்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எவருடைய நாட்குறிப்பை எடுப்பது, யாரை முதலில் பேச விடுவது என்று முடிவு செய்வதே வரலாற்று ஆய்வுதான்.

அதே தொகுப்பில் கனேகோ ஃபுமிகோவும் இருக்கிறார். பிறப்பு முறையாகப் பதிவாகவில்லை. அதனால் மற்ற பிள்ளைகளைப் போல அவரால் பள்ளியில் சேர முடியவில்லை. அரச குடும்பத்தினரைக் கொல்லச் சதி செய்ததாக அவருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். 1926இல் அதை ஆயுளாகக் குறைத்து ஆணை வந்தபோது அந்தத் தாளைக் கிழித்தெறிந்தார். சில மாதங்களில் சிறையிலேயே இறந்தார், 23 வயதில். தன் கதையைச் சிறைக்குள் அவரே எழுதி வைத்திருந்தார். ஹானே அதில் ஒரு பகுதியை மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார். கிடைத்தால் அந்தப் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள்.