கிரிப் டயர் வாங்கறதா இருந்தா முதல்ல மழையை நினைச்சுப் பாருங்க

டிராக் டேக்கு (ரேஸ் டிராக்குல நம்ம சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கற நாள்) போகணும்னு ஆசை வந்த உடனே நம்ம பசங்க முதல்ல கை வைக்கறது டயர்லதான், அதுலயும் நேரா செமி ஸ்லிக்குக்கு (ரேஸ் டயர் மாதிரி பள்ளம் கம்மியா, ஆனா ரோட்டுலயும் ஓட்டற மாதிரி செஞ்ச டயர்) போயிடறாங்க. டோயோ ஆர்888ஆர், மிச்செலின் கப் 2ன்னு பேர் வரிசையா வருது. நான் இதுக்கு நேர் எதிரா சொல்லப்போறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. பெங்களூர்ல ஒரே ஒரு கார் வச்சுக்கிட்டு, அதுலயே ஆபீஸ் போயி, அதுலயே குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயி, எப்பவாவது ஒரு நாள் டிராக்குல ஓட்டறவங்களுக்கு செமி ஸ்லிக் வேண்டவே வேண்டாம். ஈரத்துல நல்லா பிடிக்கற ஒரு ரோடு பெர்ஃபார்மன்ஸ் டயர், நாலும் ஒரே டயரா, அது போதும்.

ஏன்னா நம்ம ஊர்ல இருந்து டிராக் எங்க இருக்கு பாருங்க. ஒண்ணு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இல்லன்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல இருக்கற கரி ஸ்பீட்வே (கரிவரதன் பேர்ல இருக்கற டிராக், நம்ம ஊர் ரேஸிங்குக்கு அந்த மனுஷன் செஞ்சது கொஞ்சநஞ்சம் இல்ல). இருங்காட்டுக்கோட்டைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியா 300 கிலோமீட்டர் கிட்ட வரும். டிராக்குல நிஜமா வேகமா ஓட்டற நேரத்தை எல்லாம் கூட்டினா ஒரு மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம், ஆனா அதே டயர்ல போக வர ஹைவேல பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கோம். பெங்களூர்ல பெரிய மழை செப்டம்பர் அக்டோபர்ல, அது முடிஞ்சா அந்தப் பக்கம் வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சிடும். ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி லாரிக்கு நடுவுல கொட்டற மழைல வர்றப்போ நமக்கு வேண்டியது லேப் டைம் இல்ல.

செமி ஸ்லிக்ல தண்ணி வெளிய போறதுக்கான பள்ளம் புதுசா இருக்கும்போதே கம்மி. நார்மல் டயர்ல புதுசுல 8 மில்லிமீட்டர் கிட்ட டிரெட் (பள்ளத்தோட ஆழம்) இருக்கும், சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம், ஆனா 3க்கு கீழ வந்துட்டாலே தேங்கின தண்ணில கார் மிதக்க ஆரம்பிக்கறது நல்லாவே தெரியும். செமி ஸ்லிக் பாதி தேய்ஞ்ச நிலைமைல அவுட்டர் ரிங் ரோடு அண்டர்பாஸ்ல தேங்கின தண்ணிக்குள்ள 70ல போறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

சூடு இன்னொரு விஷயம். ரப்பர் எப்படி பிடிக்குதுன்னா, ரோட்டுல இருக்கற பொடிப்பொடி மேடு பள்ளத்துக்குள்ள அமுங்கி, உடனே பழைய உருவத்துக்கு வராம கொஞ்சம் தாமதமா வரும், அந்தத் தாமதத்துலதான் பாதி பிடி இருக்கு. அந்தக் குணம் எந்தச் சூட்டுல நல்லா வேலை செய்யணும்னு காம்பவுண்டை (ரப்பர் கலவையை) வச்சு கம்பெனிக்காரன் முடிவு பண்றான். டிராக் டயருக்கு அது கை வைக்க முடியாத சூடு. டிசம்பர் காலைல நம்ம ஊர்ல 15 டிகிரி இருக்கும், நந்தி ஹில்ஸ் ஏறும்போது அதை விடவும் கம்மி, அந்தக் குளிர்ல செமி ஸ்லிக் கட்டை மாதிரிதான் இருக்கும், வளைவுல திருப்பினா நேரா போகும். நல்ல ரோடு டயர்ல சிலிக்கா அதிகமா போட்டு குளிர்லயும் ஈரத்துலயும் பிடிக்கற மாதிரி பண்ணியிருக்காங்க. டிராக்குல நாலு ரவுண்டுக்கு மேல அது சூடாகி வழுக்க ஆரம்பிக்கும், உண்மைதான். அப்போ ஒரு ரவுண்டு மெதுவா வாங்க, ஆறிடும்.

டிரெட்வேர் நம்பரை (டயர் எவ்வளவு உழைக்கும்னு அது மேலயே போட்டிருக்கற நம்பர்) பத்தி நிறைய பேர் வேதவாக்கு மாதிரி பேசறாங்க. அது அமெரிக்காக்காரன் வச்ச கணக்கு. ஒரு ஸ்டாண்டர்டு டயருக்கு 100ன்னு வச்சு, அதை விட ரெண்டு மடங்கு உழைச்சா 200. டெஸ்ட் பண்ணி அந்த நம்பரைப் போட்டுக்கறது டயர் கம்பெனியேதான். அதனால ஒரே கம்பெனியோட ரெண்டு டயரை ஒப்பிடலாம், வேற வேற கம்பெனியோட 200ஐயும் 300ஐயும் வச்சு இது கிரிப் அதிகம் அது கம்மின்னு சொல்ல முடியாது. முக்கியமா அது தேய்மானத்துக்கான நம்பர், ஈரத்துல எப்படி நிக்கும்னு அது சொல்லவே சொல்லாது. அதுக்கு ஐரோப்பா லேபிள்ல ஏ-ல இருந்து ஈ வரைக்கும் வெட் கிரிப் கிரேடு இருக்கு, நீங்க பார்க்கற டயருக்கு அது கிடைச்சா முதல்ல அதைப் பாருங்க.

அடுத்து, நம்ம நாட்டுல என்ன கிடைக்குது? 2020 ஜூன்ல இருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு லைசன்ஸ் வேணும்னு ஆக்கிட்டாங்க, அதுக்கப்புறம் சாய்ஸ் ரொம்ப சுருங்கிப் போச்சு. ரிம் சைஸ் 17, 18 இஞ்ச்ல கிடைக்கற அளவுக்கு 15ல நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர் கிடையாது. என் போலோ காருக்கு 185/60 ஆர்15 (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதுல 60 சதவீதம், ரிம் 15 இஞ்ச்), ஜேசி ரோடு பக்கம் விசாரிச்சப்போ ஒரு கடைல எடுத்துக் காட்டின இம்போர்ட்டட் டயர் சைடுவால்ல (பக்கச் சுவர்ல) தேதி பார்த்தா நாலு வருஷம் பழசு. அந்த நாலு இலக்க நம்பரை கண்டிப்பா பாருங்க, 2223ன்னா 2023ல 22வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். நான் பார்த்துட்டு வேண்டாம்ணான்னு சொன்னேன், "சார் பேக்கிங்கே பிரிக்கல, புதுசு மாதிரிதான்"ன்னு அவர் தமிழ்லயே சொன்னார். பழைய ரப்பர் கெட்டியாயிடும், கிரிப்புக்காகவே காசு கொடுக்கற டயர்ல அது நமக்கு எதுக்கு.

டயர் கிடைக்கலன்னு சைஸை மாத்தறவங்க கணக்கு போட்டுட்டு மாத்துங்க. 185/60 ஆர்15 மொத்த உயரம் 603 மில்லிமீட்டர், 195/55 ஆர்16 போட்டா 621, மூணு சதவீதம் கூட, அது வரைக்கும் பரவாயில்ல. 205/55 ஆர்16 போட்டா 632 ஆயிடுது, மீட்டர் 60ன்னு காட்டும்போது உண்மைல 63ல போயிட்டிருப்பீங்க, வண்டியும் இழுக்காது. சைடுவாலை ரொம்பக் குறைச்சாலும் நம்ம ஊர் குழிக்கு ஒரே அடில பக்கத்துல புடைச்சுக்கும், உள்ள நூல் அறுந்து போச்சுன்னு அர்த்தம், பஞ்சர் கடைல அதுக்கு வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். லோடு இண்டெக்ஸும் (எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற நம்பர்) ஸ்பீடு எழுத்தும் (எவ்வளவு வேகம் தாங்கும்னு சொல்ற எழுத்து) கம்பெனி கொடுத்ததை விட கீழ போகவே கூடாது. எச்ன்னா மணிக்கு 210 கிலோமீட்டர், வின்னா 240.

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. முன்னாடி ரெண்டு மட்டும் ஒட்டற டயர் போட்டுக்கிட்டு, பின்னாடி பழைய டயரை அப்படியே விடறது. ஃப்ரண்ட் வீல் டிரைவ் தானே, முன்னாடி தானே எல்லா வேலையும்னு காரணம் வேற சொல்றாங்க. முன் பக்கம் நல்லா பிடிச்சு வளைவுக்குள்ள இழுக்கும், பின் பக்கத்தால தாங்க முடியாது, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்த நொடில வெயிட் முன்னாடி போயி பின்னாடி சுத்திக்கும். முன்னாடி வழுக்கினா வேகத்தைக் குறைச்சாலே பெரும்பாலும் வழிக்கு வந்துடும், பின்னாடி வழுக்கினா நம்மள்ல முக்கால்வாசி பேருக்குப் பிடிக்கத் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். டிராக்குல ஓரத்துல மண்ணு இருக்கு, எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர்ல சுவர்தான் இருக்கு. காசு இல்லன்னா கொஞ்சம் சுமாரான டயரா நாலு வாங்குங்க, தப்பே இல்ல.

மிச்சமாகற காசுல முதல்ல பிரேக் ஃப்ளூயிட் மாத்துங்க. டாட் 4 வகை ஃப்ளூயிட் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கும், ஈரத்தை இழுத்துக்கிட்டா அது 155 வரைக்கும் இறங்கிடும். கிரிப் அதிகமான டயர் போட்டா பிரேக்கை இன்னும் பலமா மிதிப்போம், சூடும் அதிகமாகும், ஃப்ளூயிட் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், அப்போ எந்த டயரும் காப்பாத்தாது. நல்ல பிரேக் பேட், ஒரு சரியான வீல் அலைன்மென்ட், இதுக்கெல்லாம் சேர்த்தே ஒரு செமி ஸ்லிக் செட் காசு ஆகாது. இன்ஷூரன்ஸ் பேப்பரையும் ஒரு தடவை எடுத்துப் படிச்சிடுங்க, ரேஸ், ஸ்பீடு டெஸ்ட் எதுக்கும் சாதாரண பாலிசி செல்லாது.

ரோடு டயர்ல கத்துக்கறதுல இன்னொரு லாபம், அது விடறதுக்கு முன்னாடி கத்தும். கீச்சுனு சத்தம் வரும், ஸ்டியரிங் லேசாகும், அப்புறம்தான் மெதுவா வழுக்கும். செமி ஸ்லிக்ல அந்த எல்லை ரொம்ப தூரத்துல இருக்கு, அங்க போய்ச் சேரும்போது வேகமும் அதிகம், பல டயர்ல முன்னறிவிப்பும் கம்மி. முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு கத்தற டயர்தான் நமக்கு வாத்தியார்.

கடைசியா பிரஷர். டிராக்குல இறங்கும்போது குளிர்ல 28 பிஎஸ்ஐ வச்சா டயர் 70 டிகிரி சூடானதும் 33, 34க்கு வந்துடும், ஒவ்வொரு செஷன் முடிஞ்ச கையோட கேஜ் வச்சுப் பார்த்து கூடுதலானதை இறக்கிடுங்க. சூட்டுல இறக்கின காத்து ஆறினதும் 25, 26ல நிக்கும், அதை மறந்துட்டு அப்படியே ஹைவேல 300 கிலோமீட்டர் வரவே கூடாது. சின்னதா ஒரு 12 வோல்ட் பம்ப் டிக்கில போட்டுக்கங்க, கடைசி செஷன் முடிஞ்சு ஹெல்மெட், பையெல்லாம் எடுத்து வச்சுட்டு டயர் நல்லா ஆறற வரைக்கும் பொறுங்க, அப்புறம் டோர்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அந்த அளவுக்கு அங்கேயே ஏத்திட்டுக் கிளம்புங்க.