சைட்டோகைன்கள் இரத்த உற்பத்தியைத் தடுப்பதும் உண்டு
உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் புரதங்களான சைட்டோகைன்கள், எலும்பு மஜ்ஜையைத் தூண்டி இரத்த அணுக்களைப் பெருக்குபவை என்று இந்தக் கட்டுரை கூறுவது பாதி உண்மையே. சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொயட்டின் சிவப்பணுக்களை வளர்க்கிறது, கல்லீரலில் சுரக்கும் த்ராம்போபொயட்டின் தட்டணுக்களை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள்பட்ட அழற்சியின்போது பெருகும் இன்டர்லூகின்-6 என்னும் சைட்டோகைன், ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைக் கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும்படி செய்கிறது; அந்த ஹெப்சிடின், உயிரணுக்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலான ஃபெரோபோர்ட்டினை முடக்கிவிடுவதால், உடலில் இரும்பு சேமிப்பில் இருந்தும் மஜ்ஜைக்குப் போதிய அளவு எட்டாமல் சிவப்பணு உற்பத்தி குறைகிறது. முடக்குவாதத்தால் அவதிப்பட்ட என் தாயாருக்கு இதுவே நேர்ந்தது. ஹீமோகுளோபின் 8.4 ஆக இறங்கியதும் ஏழு மாதங்கள் இரும்பு மாத்திரை கொடுத்தோம். வயிறு கெட்டதே தவிர, அளவு அசையவில்லை. பிறகு எடுத்த பரிசோதனை அறிக்கையில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 400ஐத் தாண்டியிருக்க, அதற்கு அடுத்த வரியிலேயே இரத்தத்தில் ஓடும் சீரம் இரும்பு இயல்புக்கு வெகுவாகக் கீழே இருந்தது. மூட்டழற்சிக்கான மருந்தை மருத்துவர் மாற்றியமைத்த பின்னரே, இரும்பு மாத்திரை எதுவும் இல்லாமல், ஹீமோகுளோபின் மெல்ல 11ஐ எட்டியது. இரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துதான் மருந்து என்று மேலே கருத்து எழுதியுள்ள நண்பர், ஃபெரிட்டினையும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் சேர்த்துப் பார்க்காமல் அப்படி முடிவு செய்ய இயலாது என்பதைக் கருத வேண்டுகிறேன். மஜ்ஜை போதிய இரத்த அணுக்களை உருவாக்கத் தவறும் ஏபிளாஸ்டிக் இரத்தசோகையில், டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைன், மஜ்ஜையின் குருத்தணுக்களையே அழிவுக்குத் தள்ளுகிறது என்பதையும் கட்டுரையாசிரியர் சேர்த்திருக்கலாம்.