மாதுளை விதை எத்தனை?

சனிக்கிழமைக் கண்காட்சிப் படங்களை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். நாலடி உயர ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒலிம்பஸ் மலை, பஞ்சு மேகம், உள்ளுக்குள் சீரியல் பல்பு, உச்சியில் பொன்தாள் சுற்றிய, கடவுளரின் தலைவன் ஸீயஸ். கிரேக்கப் புராணம் பற்றிய தரம் 8 குழு அளிக்கையில் அதற்குத்தான் முதலிடம். அதே பதிவில் மூன்றாவது படம், ஒரு டிமைத் தாளை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு பிள்ளைகள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வெறுங்கையோட வந்தா வெறுங்கையோடதான் போகணும்." சிரிப்புக் குறிகளை நான் எண்ணவில்லை.

மலை செய்த பிள்ளைகளோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் அது அவர்களுடைய பிழையா?

குழு அளிக்கை என்பது வகுப்பில் செய்கிற வேலை. வீட்டில் செய்து வகுப்பில் கொண்டுவந்து காட்டுகிற வேலை அல்ல. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், அலுத்துப் போனால் மன்னியுங்கள்.

"கிரேக்கக் கடவுள்கள், குழுவுக்கு ஆறு பேர், வெள்ளிக்கிழமை பிறிஸ்டல் போட்டில் (தடித்த மட்டையில்) கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும் என்று ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். ஆறு பேரில் ஒருத்தி எழுதுவாள். அவளுடைய அக்கா வரைவாள். ஒருவன் செலோடேப் வாங்கித் தருவான். மற்ற நாலு பேரும் வெள்ளிக்கிழமை போட்டின் ஓரத்தைப் பிடிப்பார்கள். எழுத வேண்டியதை போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு அண்ணா இணையத்திலிருந்து எடுத்துத் தருவார். பிள்ளை அதைப் பார்த்து 'பெர்சி போன்' என்று வாசிக்கும். பெர்செபனிதான் அது. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் போனில்தான் முடியும், பிள்ளையைச் சிரித்து என்ன பயன்? பெயரை முதல் நாளே கரும்பலகையில் தமிழில் எழுதி, வகுப்பு முழுக்க மூன்று தரம் உரக்கச் சொல்ல வைத்திருந்தால் அந்தச் சிரிப்பே வந்திராது. பக்கத்திலேயே ரோமப் பெயரையும் எழுத வேண்டும். ஸீயஸ் – ஜூபிற்றர், போசைடன் – நெப்டியூன், ஹெராக்ளிஸ் – ஹெர்குலிஸ். எழுதாவிட்டால் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கி, இரண்டு பேரையும் சண்டைக்கு விடுவார்கள்.

வகுப்பில் செய்வதென்றால் எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கணக்கோடு சொல்கிறேன். 36 பிள்ளைகள் என்றால் நாலு நாலு பேராக ஒன்பது குழு. ஆறு பேர் வேண்டாம், ஆறில் இரண்டு பேர் எப்போதும் பார்வையாளர்தான். ஒன்பது கதை: பெர்செபனி, தீசியஸ், இகாரஸ், அரக்னி, மைடாஸ், பாண்டோரா, பிரொமீதியஸ், பெர்சியஸ், ஒடிசியஸும் சைரன்களும். சீட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும், கேட்டால் எல்லாருக்கும் பெர்சியஸ் வெட்டிய பாம்புக் கூந்தல் மெடூசாத் தலைதான் வேண்டும். "ஆதியிலிருந்து தொடங்குவம்" என்று ஸீயஸின் தகப்பன் குரோனஸில் தொடங்கிவிடாதீர்கள். அவன் தன் தகப்பனை ஆண்மையிழக்கச் செய்த அந்த அரிவாள் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்கும், நீங்கள் ஜன்னலைப் பார்ப்பீர்கள். ஸீயஸின் காதல் விவகாரங்களும் இந்த வயதுக்கு வேண்டாம்.

ஒவ்வொரு கதையும் ஒரு பக்கம், முந்நூறு சொல்லுக்குள். அதை நாலு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று. தன் துண்டை ஐந்து நிமிடம் வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்து, மற்ற மூன்று பேருக்கும் வாயால் சொல்ல வேண்டும். நாலு பேரும் சொன்னால்தான் கதை முழுசாகும், அதனால் ஒருவரும் ஒளிந்துகொள்ள முடியாது. வெட்டுகிற இடம் முக்கியம், புது ஆள் கதைக்குள் வருகிற இடத்தில் வெட்ட வேண்டும். தீசியஸ் என்றால், ஏதன்ஸ் ஏழு பையன்களையும் ஏழு பெண்பிள்ளைகளையும் கிரீற்றுத் தீவுக்குப் பலியாக அனுப்புவது முதல் துண்டு. கிரீற்று இளவரசி அரியாட்னி நூலுண்டை கொடுப்பது இரண்டாவது. சிக்கல்பாதை மாளிகையான லபிரிந்தில் காளைத்தலை மினோற்றரைக் கொன்று வெளியே வருவது மூன்றாவது. உயிரோடு திரும்பினால் மாற்றுவதாகச் சொன்ன கறுப்புப் பாயை மாற்ற மறந்ததும், அதைக் கண்டு தகப்பன் ஈஜியஸ் கடலில் குதித்ததும் நாலாவது. இந்த நாலாவதில் ஒரு இடக்கு இருக்கிறது. தாளில் வெறுமனே 'பாய்' என்று எழுதிவிட்டால், மகன் படுக்கிற பாயை மாற்றாததற்குக் கிழவன் ஏன் கடலில் குதித்தான் என்று ஒரு குழு தலையைப் பிய்த்துக்கொள்ளும். 'பாய்மரச் சீலை' என்று எழுதுங்கள்.

அடுத்தது ஒத்திகை. கையில் தாள் இல்லை, தபாலட்டை அளவு மட்டையில் ஐந்தே ஐந்து சொல். முழு வசனம் எழுதினால் வாசிப்பார்கள், சொல் மட்டும் எழுதினால் பேசுவார்கள். அளிக்கை ஐந்து நிமிடம், கேள்வி மூன்று நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் மூன்று குழுதான். நாலாவதை நுழைத்தால் கேள்வி போய்விடும், கேள்வி போனால் எல்லாம் போச்சு. மிச்ச நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு குழுவும் ஒரு துண்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும். யார் பதில் சொல்வது என்பதும் சீட்டுத்தான். ஆயத்தத்துக்கு மூன்று, அளிக்கைக்கு மூன்று, மொத்தம் ஆறு பாடவேளை. நாலு மணித்தியாலம்.

"பாடத்திட்டம் ஆரு முடிக்கிற?" என்று கேட்பவர்களுக்கு: கண்காட்சிக்கு வகுப்பறை கழுவவும் ரிபன் கட்டவும் எத்தனை பாடவேளை போனது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

இனி விதைக்கு வருவோம். பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட பெர்செபனி அங்கே மாதுளை விதை தின்றதால், ஆண்டில் ஒரு பகுதி அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று என்பது கதை. அந்த டிமைத் தாளில் என்ன இருந்தது என்று சிரித்தவர்களில் ஒருவராவது வாசித்தீர்களா? மாக்கரால் மூன்று வரி. 'ஒரு விதை – ஹோமர் பெயரில் உள்ள துதிப்பாடல் – ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே.' 'ஏழு விதை – ரோமப் புலவர் ஒவிட் – ஆண்டில் பாதி கீழே.' மூன்றாவது வரி, 'ஆறு விதை – இணையம் – யார் சொன்னது?'

பாதாளத்தில் பெர்செபனி தின்ற மாதுளை விதை எத்தனை என்பதில் பழைய நூல்களே ஒத்துப்போவதில்லை. விதைக்கு ஒரு மாதம் என்று ஆறு விதைக்கு ஆறு மாதம் போடுவது பிற்காலத்துச் சிறுவர் கதைகளில் வருகிற கணக்கு. துதிப்பாடலில் மாதக் கணக்கு இல்லை, விதையும் ஒன்றுதான். அங்கே முக்கியம் எண்ணிக்கை அல்ல, பாதாளத்து உணவைத் தொட்டாளா இல்லையா என்பதுதான். இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நாலு பேர் கண்டுபிடித்து, தங்களுக்குள் சண்டை பிடித்து, 'யார் சொன்னது?' என்று எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். நடுவர் தாளைப் பார்த்துவிட்டு "போட் எங்க?" என்றார். வேறு கேள்வி கேட்கவில்லை.

முதலிடம் பெற்ற மலையையும் கொஞ்சம் பார்ப்போமே. ஒலிம்பஸ் மலையில் வாழ்கிற பன்னிரண்டு கடவுள், அதாவது பன்னிரண்டு ஒலிம்பியர் வரிசையில் ஹேடிஸும் இருக்கிறார். அவர் வீடு பாதாளத்தில், அதனால்தான் வழக்கமாக அந்தப் பன்னிரண்டில் அவரைச் சேர்ப்பதில்லை. மலையடிவாரத்தில் பொன்தாள் ஒட்டிய, உலகத்துத் துன்பமெல்லாம் அடைபட்டிருந்த 'பாண்டோராவின் பெட்டி'. பழங்கிரேக்கப் புலவர் ஹீசியட் சொன்னது பெட்டியை அல்ல, தானியமும் எண்ணெயும் போட்டு வைக்கிற பெருஞ்சாடியை. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதும்போது அது சிறு பேழையாகி, பெட்டியாக உலகம் சுற்றுகிறது. நமக்குத் 'தாழி' என்று அச்சொட்டான சொல்லே இருக்கிறது. இவற்றைப் பிள்ளைகள் பிழை விடலாம், விடத்தான் வேண்டும். யாராவது "ஏன் மனே, ஹேடிஸ் மேல இருக்கார்?" என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே படித்திருப்பார்கள். மலைக்கு வாயில்லை, ஆகவே ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது பெரிய குற்றச்சாட்டு. "நம்மட கதைகள் கிடக்க வெள்ளைக்காரன்ட சாமி எதுக்கு?" இதைக் கேட்பவர்களின் பாசம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், இங்கே கிழக்கிலங்கையில் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகி அம்மனின் கோபத்தை ஆற்றக் குளிர்த்தி பாடுகிறோமே, ஏன் குளிர்த்தி என்று எத்தனை பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம்? ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் 'ஒப்பிடுபவர்'. கிரேக்கக் கதைக்கு நம்மூரில் இணை தேடி வர வேண்டும். மகள் பெர்செபனியைப் பறிகொடுத்த பயிர்த் தெய்வம் டிமீற்றர் கோபத்தில் நிலத்தை விளையவிடாமல் செய்கிறாள். கணவனைப் பறிகொடுத்த கண்ணகி மதுரையை எரிக்கிறாள். இரண்டு பேரையும் ஆற்ற வேண்டியிருக்கிறது. இதைச் சொன்ன பிள்ளை கடைசியில் கேட்டது: "டிமீற்றருக்கு மகள் பாதி வருசமாவது கிடைச்சா. கண்ணகிக்கு என்ன கிடைச்சது டீச்சர்?" கிரேக்கக் கதை இல்லாமல் இந்தக் கேள்வி பிறந்திருக்குமா?

நெசவுக்குப் பேர்போன மருதமுனைப் பிள்ளை ஒன்றிடம் அரக்னி கதையைக் கொடுத்துப் பாருங்கள். அதீனா தெய்வத்தோடு நெசவுப் போட்டிக்கு நின்று சிலந்தியான பெண். தறி எப்படி ஓடும், பாவு எது, ஊடை எது என்று நமக்கு அந்தப் பிள்ளை வகுப்பெடுக்கும். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பாட்டால் மாலுமிகளை மயக்கி இழுக்கிற சைரன் கதை புதுசா? ஆனால் ஒரு எச்சரிக்கை, எல்லாரும் அரைமீன் பெண்ணைத்தான் வரைவார்கள். பழைய கிரேக்க ஜாடிகளில் சைரனுக்குப் பறவை உடம்பும் பெண் தலையும். "மீன் இல்லையா?" என்று முகம் சுருங்கும், சுருங்கட்டும். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் வனவாசம் பார்க்கிற பிள்ளைக்குப் புராணத்தை நடித்துக் காட்டுவது என்றால் என்ன என்று நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர்தான். சேக்ஸ்பியர் நாடகங்களை விளக்கித் தமிழில் அவர் நூல் எழுதி வந்தது 1926இல். அவரிடம் போய்க் கேளுங்கள், வெள்ளைக்காரன் சரக்கு எதுக்கு என்று.

மதம் பற்றி உள்பெட்டியில் இரண்டு பேர் பண்பாகவே கேட்டிருந்தார்கள். முதல் நாளே சொல்ல வேண்டியது ஒரு வசனம்: இது கதை, வணக்கம் அல்ல. உருவம் வரைவதை விரும்பாத வீட்டுப் பிள்ளைக்கு லபிரிந்தின் பாதையை, ஒடிசியஸின் கடல்வழியை, வம்ச அட்டவணையைக் கொடுங்கள். மலைகளை விட அந்தப் படங்களில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கூச்சப் பிள்ளையைச் சீட்டுக் குலுக்கி எழுப்பிவிட்டால் அது கூனிக் குறுகாதா என்பது நியாயமான கேள்வி. முதல் தடவை அந்தப் பிள்ளையின் சொந்தத் துண்டிலிருந்தே கேட்கலாம். "எனக்குத் தெரியா, இவ சொல்லுவா" என்று கைமாற்றினால் பாதிப் புள்ளி கொடுக்கலாம். இருந்தும் நடுங்குகிற பிள்ளை நடுங்கும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் போட்டின் மூலையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் ஊமையாக நிற்பதை மட்டும் இரக்கம் என்று சொல்லாதீர்கள்.

"போட் கொண்டுபோக வேண்டாம் எண்டு அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திசாலி ஆரு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான்தான் கா. ஒரு தாள் போதும், கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கேள்வி கேட்பார்கள் என்று நம்பியது என்னுடைய பிழை. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். நாலு பிள்ளைகளின் முகம் தெரியப் படத்தைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே சிரிக்காதீர்கள். அவர்களுக்கும் போன் இருக்கிறது, வாசிக்கிறார்கள். ஒருத்தி திங்கட்கிழமை பாடசாலைக்கு வரவில்லை.

அடுத்த முறை நடுவராகப் போகிறவர்களுக்காக நான் பாவிக்கிற புள்ளித்திட்டம், மொத்தம் 20. கதையைத் தாள் பாராமல் சொன்னதற்கு 6. ஏன், எப்படி என்று விளக்கியதற்கு 6. கேள்விக்குப் பதில் சொன்னதற்கு 5. மற்றக் குழுவைக் கவனித்து நல்ல கேள்வி எழுதிக் கொடுத்ததற்கு 3. அலங்காரத்துக்குப் பூச்சியம். சீரியல் பல்புக்கும் பூச்சியம்தான்.

ஒன்பது கதைத் தாள்களையும் வெட்டுக் கோடு போட்டுத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், இலவசம். ரெஜிபோம் எத்தனை அங்குலத் தடிப்பு வாங்க வேண்டும் என்று கேட்டு மட்டும் வரவேண்டாம்.