44ஆம் பிரிவு வாக்காளரைவிடப் பெரிதா?

2016 ஜூலை 2ஆம் திகதி அவுஸ்திரேலிய மக்கள் 76 செனட்டர்களை, அதாவது மேலவை உறுப்பினர்களை, தெரிவுசெய்தார்கள். அடுத்த தேர்தல் வருவதற்குள் அவர்களில் பத்துப் பேருடைய தெரிவு செல்லாமல் போனது. பாராளுமன்றத்தில் யார் இருக்கக்கூடாது என்று சொல்லும், அரசியலமைப்பின் 44ஆம் பிரிவுதான் காரணம். அந்தப் பத்தில் எட்டுப் பேர், வேறொரு நாட்டின் குடியுரிமையும் தங்களிடம் இருந்ததால் பதவி இழந்தார்கள்.

அந்தப் பாராளுமன்றம் கலைந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. இருந்தும் இன்று இதை எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் பிரிவில் ஓர் எழுத்துக்கூட இன்னும் மாறவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நாளை அரசியலுக்கு வர நினைத்தால் அவர்களையும் வாசலில் மறிக்கப்போவது இதே பிரிவுதான்.

குடியுரிமையால் முதலில் போனவர் பசுமைக் கட்சியின் ஸ்கொட் லட்லம். நியூசிலாந்தில் பிறந்து மூன்று வயதில் அந்த நாட்டை விட்டுப் புறப்பட்டவர். பதின்ம வயதில் அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தபோது பழையது தானாகவே போய்விட்டது என்று நம்பியிருந்தார். பெர்த் வழக்கறிஞர் ஒருவர் ஆவணங்களைத் தேடிப் பார்த்துச் சொன்னபோதுதான் விடயம் வெளியே வந்தது. ஒன்பது வருடங்கள் செனட்டராக இருந்தவர், 2017 ஜூலை 14ஆம் திகதி பதவி விலகினார்.

நான்கு நாள் கழித்து அதே கட்சியின் லரிஸா வோட்டர்ஸ். அவுஸ்திரேலியப் பெற்றோர் கனடாவில் இருந்த காலத்தில் வினிபெக் நகரில் பிறந்தவர். ஒரு வயது ஆவதற்கு முன்பே நாடு திரும்பிவிட்டார். கனடியக் குடியுரிமை வேண்டுமென்றால் பெரியவளானதும் தானே கேட்டுப் பெற வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அவர் பிறந்து ஒரே வாரத்தில் கனடியச் சட்டம் மாறியிருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒட்டாவாவில் நடந்த அந்த மாற்றம், நாற்பது வருடங்கள் கழித்து குவீன்ஸ்லாந்து மக்கள் கொடுத்த பதவியைப் பறித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செனட் சபைக்குள் குழந்தைக்குப் பாலூட்டிய முதல் பெண் என்று உலகமே அவரைப் பற்றிப் பேசியது.

அதன் பிறகு வரிசையாகப் போனார்கள். அக்டோபர் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஏழு பேரின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி ஐவரைத் தகுதியற்றவர்கள் என்றது. அடுத்து செனட்டின் தலைவரான ஸ்டீவன் பரியே விலகினார். தந்தை ஸ்கொட்லாந்தில் பிறந்து சிறு பிள்ளையாக இங்கே வந்தவர் என்பதால் ஜாக்கி லம்பி கண்ணீரோடு விடைபெற்றார்.

இவை எல்லாவற்றிலும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாதது கேட்டி கல்லாகரின் கதை. தந்தை வழியாகப் பிரித்தானியக் குடியுரிமை இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அதைக் கைவிடும் விண்ணப்பத்தை 2016 ஏப்ரலிலேயே, வேட்புமனுக் காலத்துக்கு முன்பே, அனுப்பினார். கட்டணமும் செலுத்தினார். லண்டனில் அந்தக் கோப்பு ஓகஸ்ட் வரை கிடந்தது. இடையில் தேர்தல் முடிந்துவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்த ஒரு பெண்ணை, பிரித்தானிய உள்துறை அலுவலகம் பதிவுசெய்யத் தாமதித்ததற்காக 2018 மே 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் தகுதியற்றவர் என்று அறிவித்தது. இந்த நாட்டின் மேலவையில் யார் உட்காரலாம் என்பதை இன்னொரு நாட்டு எழுதுவினைஞரின் மேசை முடிவுசெய்தது. இறைமையைக் காப்பாற்றத்தானே இந்தப் பிரிவு?

பழைய கணக்கையும் பார்ப்போம். இந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1901இல் அவுஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்றே கிடையாது. அது 1949இல்தான் பிறந்தது. அன்று எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள். பிரித்தானியா ஓர் அந்நிய நாடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999இல்தான். பதவி இழந்த அந்த எட்டுப் பேரும் பிரித்தானியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளோடு தொடர்புடையவர்கள். இந்தப் பிரிவை எழுதியவர்கள் அவர்களில் ஒருவரையும் அந்நியராக நினைத்திருக்க மாட்டார்கள்.

போனவர்களின் இடத்துக்கு யார் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கீழவை உறுப்பினரான துணைப் பிரதமர் பார்னபி ஜோய்ஸும் அந்த அக்டோபர் 27ஆம் திகதித் தீர்ப்பில்தான் பதவி இழந்தார். அவருக்கு இடைத்தேர்தல் கிடைத்தது. டிசம்பர் 2ஆம் திகதி நியூ இங்கிலாந்து தொகுதி மக்கள் முன்பைவிடக் கூடுதல் வாக்கு வீதத்தோடு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். செனட்டருக்கு அந்த வழி இல்லை. தகுதி இழந்தவரின் பெயரை நீக்கிவிட்டு வாக்குகளை மறுபடி எண்ணுவார்கள். பெரும்பாலும் அதே கட்சியின் பட்டியலில் அடுத்து நிற்பவர் உள்ளே வருவார்.

அப்படித்தான் குவீன்ஸ்லாந்தில் வன் நேஷன் கட்சியின் மல்கம் ரொபர்ட்ஸ் போய் பிரேசர் அனிங் வந்தார். அவர் பெயருக்கு நேராக முதல் விருப்பு வாக்குப் போட்டவர்கள் மாநிலம் முழுவதிலும் 19 பேர். ரொபர்ட்ஸுக்கே 77தான். மீதியெல்லாம் கட்சிப் பட்டியலுக்கு, அதாவது கட்சித் தலைவி போலின் ஹான்சனுக்கு விழுந்தவை. பதவிப் பிரமாணம் எடுத்த அன்றே அந்தக் கட்சியையும் விட்டுவிட்டார் அனிங். 2018 ஓகஸ்டில், தன் கன்னியுரையில், குடியேற்றத்துக்கு ‘இறுதித் தீர்வு’ வேண்டும் என்றார். யூதர்களைக் கொன்றொழித்த நாஜிகளின் சொல் அது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அன்றே பழியை முஸ்லிம் குடியேற்றத்தின் மேல் போட்டார். அடுத்த மாதம் செனட் அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவே பயந்த முஸ்லிம் அயலவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா மாற்றும் இப்படி அமைந்தது என்று சொல்லமாட்டேன். லட்லமின் இடத்துக்கு வந்த ஜோர்டன் ஸ்டீல்-ஜோனுக்கு அப்போது வயது 23. சக்கர நாற்காலியில் வரும் இளைஞர். மாற்றுத்திறனாளிகள் மீதான கொடுமைகளை விசாரிக்க அரச ஆணைக்குழு வேண்டும் என்று விடாமல் போராடினார். அது 2019 ஏப்ரலில் அமைந்தது. நல்லவர் வந்தாலும் பொல்லாதவர் வந்தாலும் வாக்காளரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை என்பதுதான் என் குறை. மாநிலம் முழுவதற்கும் ஒரே ஆசனத்துக்கு இடைத்தேர்தல் வைத்தால் அது பெரிய கட்சிக்கே போகும், சிறு கட்சியின் பங்கு பறிபோகும் என்பதும் தெரியும். ஆகவே நான் இடைத்தேர்தல் கேட்கவில்லை. குடியுரிமைக்காக ஒருவரை வெளியேற்றும் அந்த விதியையே நீக்க வேண்டும் என்கிறேன்.

விசுவாசம் என்னாவது என்று கேட்பவர்களுக்கு அதே காலத்துச் செனட்டர் சாம் தஸ்தியாரியை நினைவூட்டுகிறேன். ஈரானில் பிறந்தவர், பெருந்தொகை செலவிட்டு ஈரானியக் குடியுரிமையைக் கைவிட எல்லா முயற்சியும் எடுத்திருந்தார். 44ஆம் பிரிவு அவரைத் தொடவில்லை. கடைசியில் சீன நன்கொடையாளர் ஒருவருடனான தொடர்பு பற்றிய சர்ச்சையில்தான் அவர் பதவி போனது. அந்நியச் செல்வாக்கைப் பிடித்தது பத்திரிகையாளர்களின் உழைப்பு. பிறப்புச் சான்றிதழில் அது அகப்படாது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மருமகன் லண்டனில் பிறந்த பிரித்தானியப் பிரஜை. பேத்தி பிறந்தது சிட்னியில். அவள் பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் தந்தை வழியாக, யாரும் விண்ணப்பிக்காமலே, சட்டப்படி அவள் பிரித்தானியப் பிரஜை. 2016 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் 49 வீதத்தினர் தாங்களோ பெற்றோரில் ஒருவரோ வெளிநாட்டில் பிறந்தவர்கள். இவர்களில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும்!

நம் ஊரிலும் இதே கதை நடந்தது. அதே 2017இல், சுவிட்சர்லாந்துக் குடியுரிமையும் வைத்திருந்ததால் இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர் கீதா குமாரசிங்க பதவி இழந்தார். அங்கே 2015இல் கொண்டுவந்த தடையை 2020இல் எடுத்தார்கள், 2022இல் மறுபடி போட்டார்கள். யாரை மனதில் வைத்து என்று இலங்கை அரசியல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆளைப் பார்த்து எழுதும் சட்டம் எனக்கு வேண்டாம். பிரித்தானியாவும் நியூசிலாந்தும் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைப் பாராளுமன்றத்தில் வைத்துக்கொண்டுதான் ஆட்சி நடத்துகின்றன. வேட்பாளர் தன்னிடம் உள்ள எல்லாக் குடியுரிமையையும் பகிரங்கமாகச் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வாக்காளர் நிராகரிக்கட்டும். கல்லாகர், லம்பி, வோட்டர்ஸ், ரொபர்ட்ஸ் நால்வரையும் 2019 தேர்தலில் மக்கள் மறுபடி தெரிவுசெய்தார்களே, அதைவிடத் தெளிவாக வாக்காளர் எப்படிப் பதில் சொல்வார்?

2018இல் பாராளுமன்றக் கூட்டுக்குழு இதைச் சர்வஜன வாக்கெடுப்புக்கு விடும்படி பரிந்துரைத்தது. அரசாங்கம் செய்யவில்லை. வேட்பாளர்கள் பெற்றோர், பாட்டன் பாட்டி விபரங்களை நிரப்பும் ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கியதோடு நிறுத்திக்கொண்டது. வெற்றிபெறுவது கடினம் என்பது உண்மைதான். இதுவரை வைத்த 45 கேள்விகளில் எட்டுத்தான் தேறியிருக்கின்றன. ஆனால் அந்த எட்டில் ஒன்று செனட் வெற்றிடங்கள் பற்றியது. 1975இல் குவீன்ஸ்லாந்து அரசாங்கம், இறந்துபோன தொழிற்கட்சிச் செனட்டரின் இடத்துக்கு அக்கட்சித் தலைமையை எதிர்த்தவரை அனுப்பிய பிறகு, அதே கட்சியிலிருந்துதான் மாற்று வரவேண்டும் என்று 1977இல் மக்களிடம் கேட்டார்கள். இரு பெரும் கட்சிகளும் ஆதரித்தன. ஆறு மாநிலங்களும் ஆம் என்றன. 44ஆம் பிரிவுக்கும் அதே இரு கட்சிகள் சேர்ந்து நிற்க வேண்டும். அடுத்த பொதுத்தேர்தல் நாளிலேயே இந்தக் கேள்வியையும் வைக்கலாம். உங்கள் பகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், நான் எழுதிவிட்டேன்.